கூடையில் நிற்பவர்

எனக்குத் தலைசுற்றும் வியாதி கிடையாது. ஏணியின் கடைசிப் படியில் நின்று இரண்டு கையாலும் பல்பு மாட்டுகிறவள் நான். ஆனால் பயிற்சிப் படிவத்தில் மூன்று நாளாக என் பெயருக்கு நேரே ‘மயக்கம்’ என்று எழுதியிருந்தது. நான்காவது தடவையும் எழுதிவிட்டால் ‘தகுதியில்லை’. அப்புறம் பழையபடி ஸ்டோரில் உட்கார்ந்து ஆணி எண்ண வேண்டியதுதான். பதினோரு வருஷம் எண்ணியது போதும்.

கப்பல் பழுதுபார்க்கும் எங்கள் பட்டறைக்குப் புது கிரேன் வரப்போகிறது. அதை ஓட்ட ஆள் எடுக்கிறார்கள். பழகுவதற்குக் காலிக் கிடங்கு ஒன்றில் வி.ஆர். கண்ணாடி வைத்திருந்தார்கள். மாட்டிக்கொண்டால் கிடங்கு மறைந்து கப்பலும் கிரேனும் கண்முன் நிற்கும். இரண்டிரண்டு பேராகப் பழக வேண்டும். ஒருவர் லீவரைப் பிடித்து ஓட்டுவார். மற்றவர் கிரேனில் தொங்கும் கூடையில் நின்று வழி சொல்வார். என் ஜோடி என் கொழுந்தன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவன் என்பதால் லீவர் அவனுக்கு, ஸ்டோர்க்காரி என்பதால் கூடை எனக்கு. முதல் நாள் பயிற்சியாளர் பிரித்துவிட்டதை யாரும் மாற்றவில்லை.

மூன்றாம் நாள் சுவரில் சாய்ந்து கிடந்தபோதுதான் கவனித்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் கேட்கிறவர்கள் எல்லோரும் கூடைக்காரர்கள். லீவர்க்காரர் ஒருவர்கூட இல்லை. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் டிரைவரையே பார்த்துக்கொண்டு வந்தேன். வளைவு வருவது அவருக்கு முன்பே தெரியும், குமட்டுவதெல்லாம் பின்சீட்டுக்குத்தான். என்மேல் எனக்கிருந்த சந்தேகம் அன்றோடு தீர்ந்தது. கோபம் மட்டும் மிச்சம்.

நான்காம் நாள் காலை, கொழுந்தன் கையை நீட்டுவதற்குள் லீவரை நான் எடுத்துக்கொண்டேன்.

“இன்னிக்கு நீ கூடையில ஏறு.”

“அண்ணி, சார் திட்டுவாரு.”

“திட்டட்டும். வாங்கிக்கிறது நான்தானே.”

பயிற்சியாளர் முகத்தைச் சுளித்தார். ஒரே ஒரு சுற்று என்றார். கொழுந்தன் என்னைக் கூடையில் வைத்து எப்படி ஓட்டினானோ அப்படியே ஓட்டினேன். துளியும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கூடையைக் கப்பலின் மேல்தளத்தில் நூல் பிடித்த மாதிரி இறக்கினேன். அவன் கண்ணாடியைக் கழற்றி வீசாத குறையாக வாளியைத் தேடி ஓடினான்.

பயிற்சியாளர் பேனாவை எடுக்கவில்லை. காலையில் சாப்பிடாமல் வந்திருப்பான் என்றார். எனக்கு எழுதியபோது என் சாப்பாட்டைப் பற்றி அவர் விசாரித்ததே இல்லை.

நீங்கள் எப்போதாவது கூடையில் நின்றிருக்கிறீர்களா என்று கேட்டேன். தான் திரையில் பார்த்தாலே போதும் என்றார். நான் லீவரை விடவில்லை. மற்ற ஜோடிகளும் வேலையை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார்கள். மனிதர் பின்வாங்க வழியில்லாமல் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

மேலே, இடது, வலது, கீழே. அதே ஓட்டம். முதல் திருப்பத்தில் வழி சொல்வதை நிறுத்தினார். இரண்டாவதில், இல்லாத கைப்பிடியைத் துழாவி என் தோளைப் பிடித்தார். உடனே நிறுத்தினேன். நாற்காலி இழுத்துப் போட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு படிவத்தை அவர் மடியில் வைத்து, பேனாவைத் திறந்தேன்.

“உங்க பேருக்கு நேரே என்ன எழுதட்டும், சார்?”

அவர் பேனாவை வாங்கி, என் பெயருக்கு நேரே இருந்த மூன்று ‘மயக்கத்தையும்’ அடித்தார். தலைசுற்றல் இன்னும் தீராததால் கோடு கோணலாக விழுந்தது.