தங்கள் கீழ்ப்படிதலுள்ள

...விரலைப் பார்க்கக் கூடாது, தாளைத்தான் பார்க்கணும், போன தடவை மாதிரி பாதியில் குனிந்துவிட்டால் அவ்வளவுதான், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஜீவா சைக்கிளின் பின்னால் நடந்தாள், முன்னால் அப்பா காசிநாதன் தள்ளிக்கொண்டு போக, கேரியரில் கட்டிய டைப்ரைட்டிங் மெஷின் சாக்குக்குள் புதுப்பெண் மாதிரி முக்காடு போட்டுக்கொண்டு குலுங்கியது... இன்ஸ்டிட்யூட்டுக்கு வர வேண்டிய வேன் வரவில்லை, இட ஒதுக்கீடு கேட்டு மறியல், ரோடெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்கள், அவங்கவங்க மெஷின அவங்கவங்களே தூக்கிக்கினு போங்க என்று மாஸ்டர் கையை விரித்துவிட்டார், பத்து மணிக்குக் கள்ளக்குறிச்சியில் பரீட்சை. தேறினால் சர்க்கரை ஆலை ஆபீசில் வேலைக்கு எழுதிப் போடலாம், தேறாவிட்டால்? “இந்த வாட்டியும் கோட்ட வுட்டா தை மாசம் ராஜாங்கத்தோட கல்யாணந்தான், இன்னா, சரியா?” என்று நேற்று அப்பா கேட்டார், “சரிப்பா” என்றாள். ரிஷிவந்தியத்து அத்தை மகன் ராஜாங்கம் கெட்டவர் இல்லை, என்ன, சாப்ட்டியா என்று கேட்டுவிட்டுப் பம்புசெட்டைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார், ஆயுசு முழுக்க மோட்டார் காயில் கதையா, கடவுளே...

சிரிப்பு வந்தது, அப்பா திரும்பி முறைத்தார், அவளுக்குச் சிரிக்கக் கூடாத சமயத்தில்தான் சிரிப்பு வரும், அரை மணிக்கு முன்னால் அந்தப் புளியமரத்தடியிலும் அப்படித்தான் வந்தது, தடி என்ன தடி, மரமே ரோட்டில் படுத்திருந்தது, மேலே மறியல்காரர்கள் பத்துப் பேர், நடுவில் தாடிக்காரர் ஆதிமூலம், “இன்னாம்மா அது சாக்குல, குண்டா?” “பரீட்ச மெஷினுங்க” என்று அப்பா கும்பிட, அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்க, ஆதிமூலம் யோசித்தார், சட்டைப்பையிலிருந்து நாலாய் மடித்த காகிதத்தை எடுத்தார், “கலெக்டருக்கு மனு, என் கையெழுத்த எனக்கே படிக்க முடியல, அடிச்சுக் குடும்மா, சைக்கிள நாங்க தூக்கி அந்தாண்ட வுடறோம்.” மரத்தின் மேலேயே மெஷினை வைத்தார்கள், நின்றுகொண்டே அடித்தாள், பத்தாவது தேறிய பிள்ளைகள் கரும்பு வெட்டப் போகிறார்கள் என்று எழுதியிருந்தது, ஆமாம், ஜீவாவின் அண்ணனும்தான்... அந்தக் கோழிக் கிறுக்கலிலிருந்து கண்ணை எடுக்கவே முடியவில்லை, எங்கே குனிவது? ஒரு பிழை இல்லை! ஆதிமூலம் முதல் நாலு வரியைப் படித்து, “அச்சு கணக்கா கீது” என்று கையெழுத்துப் போட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

இப்போது நடக்கும்போதுதான் உறைத்தது... கடைசி வரி, கடைசியில் என்ன அடித்தோம், அவர் எழுதியது ‘இப்படிக்கு’ வரைக்கும்தானே, அதற்குக் கீழே விரல் நிற்கவில்லையே, பதினாலு மாதமாகப் பயிற்சிக்குத் தினம் ஒரு ஆபீஸ் கடிதம் அடித்த விரல், ஐயோ, ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியன்’! ரோட்டை மறித்து மரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் மனுஷனைக் கலெக்டருக்குக் கீழ்ப்படிய வைத்துவிட்டாளே, ஜீவா சைக்கிள் கேரியரைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள், “பைத்தியம் புடிச்சிகிச்சா?” என்றார் அப்பா. திரும்பிப் போய்ச் சொல்லவா, நேரம் இல்லை, வரும்போது கட்டாயம் சொல்லணும், திட்டினாலும் திட்டட்டும், பாவம்... பரீட்சை நடக்கும் பள்ளிக்கூட கேட் தெரிந்தது, பத்துக்குப் பத்து நிமிஷம், அப்பா மெஷினை இறக்கினார். உள்ளேயும் ஒரு கடிதம் வரும், அதே வரி வரும், அடித்தால்தான் மார்க், அடிக்கலாம், அதற்கென்ன, விரல்தான் கேட்காமலே அடிக்குமே... கேட்காமலே. நேற்று அந்தச் ‘சரிப்பா’ மட்டும்? அதையும் குனிந்து பார்க்காமல்தானே...

“அப்பா.”

“இன்னாம்மா?”

“நேத்து சரிப்பான்னு சொன்னேன் இல்ல... அதப் பத்தி சாயங்காலம் வந்து பேசறேன்” என்றாள், மறுபடியும் சிரிப்பு வந்தது, மணி அடித்துவிட்டது.