பன்னிரண்டு அடியில் லோகேஸ்வரி

தீபாவளிக்குப் பதினெட்டு நாள் இருக்கையில், ஒரு சனிக்கிழமை காலை பத்தே காலுக்கு, கோலா கெத்திலில் நாவலாசிரியர் ஹேமநாதனின் மனைவி லோகேஸ்வரி மாடியில் வண்ண விளக்குச் சரம் கட்டும்போது ஏணி வழுக்கித் தலைகீழாக விழுந்தாள். விழுந்தவள் தரைக்குப் பன்னிரண்டு அடி உயரத்தில் நின்றுவிட்டாள். கீழே கார் நிறுத்தும் இடத்துத் தரைக்கற்கள். கைகள் இரண்டும் தரையைத் தடுக்கப் போவது போல நீண்டிருந்தன. அவள் முதலில் சொன்னது, "ஏங்க, அடுப்புல சாம்பார் இருக்கு, மொதல்ல அத அணைங்க" என்பதுதான். சத்தம் கேட்டு ஓடிவந்த அக்கம்பக்கத்தார் அவள் அந்தரத்தில் நிற்பதைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. இந்தத் தடவை மனுஷியாகிவிட்டதே என்றுதான் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

ஹேமநாதன் ஒரு நாவலுக்குப் பிள்ளையார் சுழி போட்ட கணத்தில், ஊரில் விழுந்துகொண்டிருக்கும் ஏதாவது ஒன்று அப்படியே நின்றுவிடும். கொலைகாரன் யாரென்று வாசகர்களுக்குத் தெரிந்ததும் மிச்சத் தூரத்தை விழுந்து முடிக்கும். இருபத்திரண்டு வருடமாக இதுதான் வழக்கம். அவர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தபோது கையால் எழுதிய முதல் நாவல் ஒரே பிரதி. அது தொழிலாளர் குடியிருந்த லயத்தில் வீடு வீடாகக் கைமாறியது. அப்போது நின்றது ஒரு கூரை ஓடு. ஒருவர் பின் ஒருவராக இருநூறு பேர் படித்து முடிக்க மூன்று மாதமாயிற்று. அந்த மூன்று மாதமும் ஓடு இறங்கிக்கொண்டே வந்து, கீறல் இல்லாமல் கால்வாய் ஓரத்தில் உட்கார்ந்தது. பன்னிரண்டாவது நாவலுக்குப் பின் வேலையை விட்டு முழுநேர எழுத்தாளரானார். ஆனாலும் காலை ஆறு மணிக்குக் குளித்து, முழுக்கால் சட்டை போட்டு, ஆபீசுக்குப் போகிறவர் போல மேசையில் உட்கார்ந்து நண்பகல் வரை எழுதுவார். அலோர் ஸ்டார் பதிப்பாளர் சசிதரன் அவருடைய கதைகளைக் கைப்பேசிக்குக் கொண்டுபோனார். வெள்ளிதோறும் பகல் பன்னிரண்டு மணிக்கு ஓர் அத்தியாயம், எல்லா வாசகர்களுக்கும் ஒரே நேரத்தில் போகும்.

வெற்றி என்பது கனமான விஷயம் என்று ஊர் அப்போதுதான் தெரிந்துகொண்டது. ஐயாயிரம் பேர் ஒரே மூச்சில் கடைசி அத்தியாயத்தைப் படித்த வெள்ளிக்கிழமை, அந்தரத்தில் இருந்த இளநீர் ஒன்று விழுந்து சிமெண்டுத் தரையை இரண்டாகப் பிளந்தது. ஐம்பத்திரண்டாவது நாவலுக்குப் பதினாலாயிரம் வாசகர்கள். அன்று நின்றது ஒரே ஒரு ரம்புத்தான் பழம். முடிவு வெளியான பகலில் அது ஒரு காரின் கூரையையும் எஞ்சினையும் துளைத்துத் தரைக்குள் போய்விட்டது. மூன்று ஆள் ஆழம் தோண்டியும் கிடைக்கவில்லை. லோகேஸ்வரியின் எடை அறுபத்தொரு கிலோ. ஊர்க்காரர்கள் அந்தக் கணக்கை வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் எல்லோரும் மனதுக்குள் போட்டுப் பார்த்தார்கள்.

இதில் கொடுமை, அன்று ஹேமநாதன் நாவல் எதையும் தொடங்கவில்லை. பலகாரம் சுடுவதற்கு மளிகைச் சாமான் பட்டியல்தான் எழுத உட்கார்ந்தார். பழக்கதோஷம், காகிதத்தின் தலையில் பிள்ளையார் சுழி போட்டுவிட்டார். பட்டியலைப் படம் எடுத்துப் புவனேஸ்வரனின் மளிகைக் கடைக்கு அனுப்ப நினைத்து, வாசகர் குழுவுக்கு அனுப்பிவிட்டார். புது நாவலை அவர் எப்போதும் அப்படித்தான் அறிவிப்பார்: சுழி போட்ட முதல் பக்கத்தை, தன் கையெழுத்தில். "துவரம் பருப்பு இரண்டு கிலோ, நல்லெண்ணெய் பெரிய போத்தல் ஒன்று, முறுக்கு மாவு மூன்று பாக்கெட், ஏலக்காய் கொஞ்சம்." பதினாலாயிரம் பேரும் ஐம்பத்துமூன்றாவது நாவல் தொடங்கிவிட்டதாகக் கொண்டாடினார்கள். ஏலக்காய்க்கு மட்டும் ஏன் அளவில்லை என்று அரை மணி நேரத்தில் நானூறு பேர் கேட்டிருந்தார்கள். விஷம் அதில்தான் என்று கூலிமிலிருந்து ஒருவர் அடித்துச் சொன்னார். அது வெறும் மளிகைப் பட்டியல்தான் என்று ஹேமநாதன் எழுதியதை, எழுத்தாளர் வழக்கம்போல நம்மைத் திசைதிருப்புகிறார் என்று ரசித்தார்கள்.

தீயணைக்கும் பொம்பாக்காரர்கள் ஏணி வண்டியோடு வந்தார்கள். இரண்டு பேர் லோகேஸ்வரியின் இடுப்பைப் பிடித்துத் தொங்கியும் அவள் ஓர் அங்குலம் அசையவில்லை. புத்தகத்தில் எழுதிக்கொண்டு, தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். பக்கத்து வீடுகளிலிருந்து மெத்தைகள் வந்தன. காருக்குள்ளேயே புகுந்துபோன ரம்புத்தானை நினைத்துக்கொண்டே அவற்றை அடுக்கினார்கள். மகள் வாணி ஏணியில் ஏறி அம்மாவுக்கு மைலோவை உறிஞ்சுகுழாயால் கொடுத்தாள். மூன்றாம் நாள், அவளுக்கு நேர் கீழே இருந்த தரைக்கல்லில், யாரும் தொடாமலே ஒரு விரிசல் விட்டது. செய்தி பரவி வாசகர்களின் ஆவல் பெருகப் பெருக விரிசலும் நீண்டது. ஹேமநாதன் அந்த விரிசலைத் தினமும் காலையில் ஸ்கேல் வைத்து அளந்தார். மனைவி பார்த்துவிடக் கூடாதே என்று முதுகைக் காட்டி உட்கார்ந்து அளந்தார். மேலேயிருந்து அவளுக்கு எல்லாமே தெரிந்தது.

சசிதரன் காரை ஓட்டிக்கொண்டு அலோர் ஸ்டாரிலிருந்து நேரில் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. லோகேஸ்வரியைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கியது. ஆனாலும் தொழில் தொழில்தானே. "அண்ணே, கதைய முடிக்காதீங்க. முடிச்சாத்தானே விழுவாங்க? வருஷக்கணக்கா இழுப்போம்லா. அக்காவ மேலேயே நல்லா பாத்துக்கலாம்" என்றார். ஹேமநாதனுக்கு ஒரு நிமிடம் அது நல்ல யோசனையாகவே பட்டது. லோகேஸ்வரிதான் தலைகீழாக இருந்தபடியே சிரித்தாள். "தம்பி, நீங்க வந்து ஒரு நாள் இப்படித் தொங்கிப் பாருங்க, அப்புறம் இழுக்கலாம்."

வழியைச் சொன்னதும் அவள்தான். கணவன் எழுதிய எல்லாவற்றையும் பிழை திருத்தியவள். கடைசி அத்தியாயத்தை மட்டும் அவளுக்கும் அவர் காட்டியதில்லை, மற்றவர்களோடு வெள்ளிக்கிழமைதான் அவளும் படிப்பாள். "மொத ஓடு ஏன் ஒடையலன்னு யோசிச்சீங்களா? ஆளாளுக்குத் தனித்தனியா தெரிஞ்சுச்சு. அதான் பைய எறங்குச்சு. ஒவ்வொருத்தரா கூப்புட்டு, கொலகாரன் யாருன்னு சொல்லிடுங்க." ஹேமநாதன் எழுந்து உள்ளே போனார். ஐம்பத்திரண்டு நாவல், ஒருவர்கூட அவருடைய முடிவை முன்கூட்டிக் கண்டுபிடித்ததில்லை. அவருக்கு இருந்த ஒரே கர்வம் அதுதான். அதைத் தன் வாயாலேயே பதினாலாயிரம் முறை உடைக்க வேண்டும். அன்று முழுவதும் அவர் வெளியே வரவில்லை. மனைவியின் உயிரா தன் பெயரா என்று ஒரு மனிதன் ஒரு நாள் முழுக்க யோசித்தான் என்பதை இங்கே மறைக்க முடியாது. அவரே பிறகு எல்லோரிடமும் சொல்லி வெட்கப்பட்டார். மறுநாள் விரிசல் அடுத்த கல்லுக்குத் தாவியிருந்தது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்று எழுத உட்கார்ந்தார்.

ஆறு நாளில் நாவலை எழுதினார். பத்தொன்பது அத்தியாயம். தோட்ட பங்களாவில் தீபாவளிப் பலகாரம் சாப்பிட்ட வீட்டுக்காரி செத்துப்போகிறாள். சமையல்காரி, மாமியார், கடைக்காரன், டாக்டர் என்று எல்லோர் மேலும் சந்தேகம். கொன்றது, சாமான் பட்டியல் எழுதிய கணவன். வேறு முடிவு அவருக்கு வரவில்லை. கடைசி அத்தியாயத்தைப் பூட்டி வைத்துவிட்டு, முதல் ஆளாகப் புவனேஸ்வரனின் மளிகைக் கடைக்கு நடந்துபோய், "பட்டியல் எழுதுனவன்தான் கொலகாரன்" என்றார். புவனேஸ்வரன் தராசை விட்டுவிட்டு, "அடக் கடவுளே, என்னண்ணே இப்படிப் போட்டு ஒடச்சிட்டீங்க!" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். அதே நேரம் வீட்டில் லோகேஸ்வரி ஒரு நூல் அளவு இறங்கினாள்.

அன்றிலிருந்து நாளுக்கு நூற்றைம்பது பேர். காலை ஆறு மணிக்கு முழுக்கால் சட்டையோடு உட்கார்ந்து, சசிதரன் மனமில்லாமல் கொடுத்த எண்களை ஒவ்வொன்றாக அழைத்தார். வேறு யார் சொன்னாலும் பலிக்கவில்லை. வாணி முப்பது பேரிடம் சொல்லிப் பார்த்தாள், ஒன்றும் அசையவில்லை. எழுதியவன் வாயால்தான் சொல்லியாக வேண்டும். சிலர் திட்டினார்கள். சிலர் குழுவை விட்டு விலகினார்கள். பருப்பைப் பார்த்த அன்றே எனக்குத் தெரியும் என்று பொய் சொன்னவர்கள் பலர். ஒருமுறை மட்டும் பொறுமையிழந்து கோயில் மண்டபத்தில் நாற்பது பேரை ஒன்றாக உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார். லோகேஸ்வரி ஒரே வீச்சில் ஒன்றரை அடி விழுந்து நின்றாள். பல் உதட்டில் இறங்கி ரத்தம் வந்தது. ஓடிவந்த ஹேமநாதன் ஏணியில் நின்று அந்த உதட்டைத் துடைத்துக்கொண்டே அழுதார். "நாந்தான்டி எழுதுனேன், நாந்தான்" என்றார். "தெரியும். போய் அடுத்த ஆளக் கூப்புடுங்க" என்றாள் அவள். அதற்குப் பின் அவர் குறுக்கு வழி எதையும் தேடவில்லை.

தீபாவளியன்று அவள் பத்தடியில் இருந்தாள். எண்ணெயை ஏணியில் ஏறித்தான் தேய்த்தார்கள். பொங்கலுக்கு நாலடி. அதற்குள் மெல்லத் திரும்பிக் கால் கீழாக வந்திருந்தாள், நகரவும் முடிந்தது. அந்த உயரத்திலிருந்தபடியே ஒட்டடை முழுவதையும் அடித்து முடித்தாள். தைப்பூசத்துக்கு மறுநாள் பட்டியலில் மிஞ்சியது ஒரே பெயர்: கரங்கான் தோட்டத்தில் எண்ணெய்ச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டும் பிச்சை. தோட்டத்துக்குள் போன் லைன் கிடைக்காததால் மூன்று மாதமாக அவருடைய எண்ணுக்கு அழைப்பே போகவில்லை. அந்த ஒரு ஆளுக்காக லோகேஸ்வரி தரைக்கு நாலு விரற்கடை மேலே நின்றாள். ஆளுக்கொரு நூல் என்ற கணக்குக்கு இது ஒத்துவராது. ஆனால் ஆவலாகக் காத்திருக்கிற ஒருவன், சும்மா காத்திருக்கிற ஆயிரம் பேருக்குச் சமம் என்று ஊரில் ஒப்புக்கொண்டார்கள்.

ஹேமநாதன் காரை எடுத்துக்கொண்டு கரங்கானுக்குப் போனார். குலைகள் லோரியில் ஏறிக்கொண்டிருந்தன. பிச்சை நிழலில் குந்தியபடி, வாணி பக்கங்களாக அச்செடுத்து அனுப்பியிருந்த நாவலைப் படித்துக்கொண்டிருந்தார். ஆறாவது அத்தியாயம். யாரென்று தெரிந்ததும் எழுந்து, அழுக்குக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டுக் கும்பிட்டார். ஹேமநாதன் வாயைத் திறப்பதற்குள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "அண்ணே, வேணாண்ணே. நீங்க எல்லாருக்கும் சொல்றீங்கன்னு கேள்விப்பட்டேன். எனக்குச் சொல்லாதீங்க. லோரி ரொம்புற நேரத்துல ரெண்டு பக்கம், அவ்ளோதான் படிப்பேன். அம்பத்திரெண்டும் அப்படித்தான் படிச்சேன். ஒண்ணுகூட கண்டுபிடிக்க முடியலண்ணே. இத விடமாட்டேன். மாமியார்தானே? சொல்லாதீங்க!" அந்த முகத்தில் அப்படியொரு சந்தோஷம். ஹேமநாதனுக்கு அந்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது; பதினாலாயிரம் முறை சொல்லித் தேய்ந்த வாக்கியம். காதைப் பொத்தினாலும் கத்திச் சொன்னால் கேட்கத்தான் செய்யும். லோரி நிரம்பும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, சொல்லாமலே திரும்பினார்.

வாசலில் லோகேஸ்வரி நாலு விரற்கடை உயரத்தில் நின்றிருந்தாள். "சொல்லிட்டீங்களா?" என்றாள். அவர் செருப்பைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தார். அவள் அவர் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். மூன்று மாதமாகச் செத்துக் கிடந்த முகத்தில் கொஞ்சம் உயிர் வந்திருந்தது. பிறகு, "அவரு யாருன்னு நெனைக்கிறாரு?" என்று கேட்டாள். "மாமியார்னு." அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "பாவம் மாமியாரு. சரி விடுங்க, படிக்கட்டும். நாலு வெரல்தானே, நான் என்ன கொறஞ்சா போயிட்டேன்?" என்று சொல்லிவிட்டு, காற்றில் நடந்து தேநீர் போட உள்ளே போனாள்.

இப்போது மூன்று வருடம் ஆகிறது. ஹேமநாதன் ஐம்பத்தாறாவது நாவலை எழுதிக்கொண்டிருக்கிறார். சுழி போடுமுன் ஊர் முழுவதையும் உட்காரச் சொல்லிவிட்டுத்தான் போடுகிறார். மளிகைப் பட்டியலை வாணி எழுதுகிறாள். லோகேஸ்வரி பாசாருக்கும் கோயிலுக்கும் நாலு விரற்கடை உயரத்திலேயே போய் வருகிறாள், சேலையைச் சற்று இறக்கிக் கட்டுகிறாள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தானே கண்டுபிடித்த பிறகுதான் கடைசி அத்தியாயத்தைத் திறப்பேன் என்று பிச்சை சபதம் செய்திருக்கிறார். மாதம் ஒருமுறை லைன் கிடைக்கும் இடத்துக்கு லோரியைக் கொண்டுவந்து போன் போடுவார். ஹேமநாதன் ஸ்பீக்கரில் போடுவார். இந்தத் தடவை சமையல்காரியா, டாக்டரா, கடைக்காரனா என்று பிச்சை மூச்சு வாங்கச் சொல்லத் தொடங்குவார். சரியாகச் சொல்லி, ஹேமநாதனை ஆமாம் என்று சொல்லவைத்துவிடுவாரோ என்று அந்த நேரத்தில் மட்டும் லோகேஸ்வரி மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்வாள்.