நான்கு நொடி ஓடிய பெட்டி

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஒரு ஃப்ளாப்பியைக் கொண்டுபோய் ஆக்லாந்தின் குயின் ஸ்ட்ரீட் ஆபீஸ் ஒன்றில் கொடுத்தால் தண்டபாணிக்கு வேலை. வேலை கிடைத்தால் விசா. இல்லாவிட்டால் மாதக் கடைசியில் அவனும் மனைவி ஸ்வர்ணாவும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பரீட்சையாக அவர்கள் எழுதச் சொன்ன புரோகிராமை மூன்று வாரம் கண் எரிய எழுதி முடித்திருந்தான். அது இருந்த ஹார்ட் டிஸ்க்கைச் சுமந்த பழைய கம்ப்யூட்டர் புதன்கிழமை காலை புகைவிட்டுச் செத்தது. ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். புதனிலிருந்து அவனும் தன்னைத் தானே அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான்.

பக்கத்து ஃபிளாட் பார்த்தீபன் யாழ்ப்பாணத்துக்காரன். மங்கரே ஏர்போர்ட்டில் சரக்கு ஏற்றுகிறவன், சொந்தமாக வேன் வைத்திருப்பவன். அவனோடு போய் பாகங்களை வாங்கிவந்து, சாப்பாட்டு மேஜையிலேயே புதுக் கம்ப்யூட்டர் பெட்டியைச் சேர்த்துப் பொருத்தினான் தண்டபாணி. பழைய டிஸ்க்கையும் உள்ளே மாட்டினான். வெள்ளி காலை பத்தரைக்குக் கடைசி ஸ்க்ரூவை முடுக்கினான்.

"இப்பப் போடாதீங்க," என்றாள் ஸ்வர்ணா. "ராகு காலம். பன்னண்டு வரைக்கும் பொறுங்க."

மெட்ராஸில் அச்சடித்த காலண்டரின் ராகு காலம் ஆக்லாந்துக் கடிகாரத்துக்கும் செல்லுமா என்று கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. விசா விஷயத்தில் யாருக்குத்தான் வரும்? நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவளோ பெட்டியின் முகத்தில் சந்தனமும் குங்குமமும் தாராளமாக வைத்து, கற்பூரம் காட்டி, கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பன்னிரண்டுக்குப் பட்டனை அழுத்தினான். கட்டைவிரலில் சந்தனம் ஒட்டியது. விசிறி சுற்றியது, பச்சை விளக்கு எரிந்தது. சரியாக நான்கு நொடி. பிறகு எல்லாம் அணைந்துபோனது. அதற்குப் பிறகு என்ன செய்தும் பெட்டி அசையவில்லை.

செருகியை மாற்றினான். ஒவ்வொரு வயரையும் பிடுங்கித் திரும்பக் குத்தினான். மெமரியைக் கழற்றி ஊதி மாட்டினான். மூச்சில்லை. பவர் சப்ளைதான் பழுது என்று முடிவுகட்டி, பார்த்தீபனை அதோடு கடைக்கு விரட்டினான். மணி இரண்டரை ஆகியும் வேன் திரும்பவில்லை. மேஜையைச் சுற்றிச் சுற்றி நடந்தவன் கடைசியில் ஸ்வர்ணா மேல் பாய்ந்தான்.

"உன் ராகு காலத்துல ஒன்றரை மணி நேரம் போச்சு. அப்பவே போட்டிருந்தா இந்நேரம் கண்டுபிடிச்சிருப்பேன். எல்லாம் உன்னாலதான்."

அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். பாத்திரம் எதுவும் கழுவுகிற சத்தம் கேட்கவில்லை.

மூன்றரைக்கு வேறு சப்ளையோடு வந்தான் பார்த்தீபன். "இதை மாத்தித் தந்தவங்கள், அண்ணை. பெட்டியைக் கொண்டுவந்தாத் திங்கட்கிழமை பாக்கினமாம்."

அதை மாட்டியும் பலனில்லை. தண்டபாணி கார்ப்பெட்டில் சரிந்து உட்கார்ந்து அழுதான். பார்த்தீபன் பார்க்கிறானே என்ற வெட்கமெல்லாம் போய்விட்டது. இத்தனை வருடம் படித்துக் கடல் தாண்டி வந்தது ஒரு தகரப் பெட்டி முன்னால் இப்படி உட்காரத்தானா?

ஸ்வர்ணா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "போனாப் போறோம். ரெண்டு பேரும்தானே போகப்போறோம்."

அது அவனை இன்னும் அறுத்தது. "உன் மேல எதுக்குக் கத்தினேன்னு தெரியல," என்றான். "நீ என்ன பண்ணுவ, பாவம்."

பார்த்தீபன் பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணை, உந்தப் பட்டனிலயிருந்து வாற வயரைக் கழட்டிப்போட்டு, அது குத்தியிருக்கிற ரெண்டு கம்பியையும் நேராத் தொட்டுப் பாப்பமே? எங்கட ஃபோர்க்லிஃப்ட் சாவி மக்கர் பண்ணினா அப்பிடித்தான் செய்யிறனாங்கள்."

காலையில் சொல்லியிருந்தால் தண்டபாணி அவனை வெளியே தள்ளியிருப்பான். இப்போது இழக்க என்ன இருக்கிறது? வயரைப் பிடுங்கிவிட்டு, ஸ்க்ரூ டிரைவர் முனையால் இரண்டு கம்பிகளையும் ஒரு கணம் சேர்த்துத் தொட்டான்.

விசிறி சுற்றியது. நான்கு நொடி போனது, பத்து போனது, திரையில் எழுத்து ஓடத் தொடங்கியது. புரோகிராம் பத்திரமாக இருந்தது. ஃப்ளாப்பியில் ஏற்றி முடித்தபோது மணி நாலே கால்.

"இப்ப வெளிக்கிட்டாப் பிடிச்சிடலாம்," என்று சாவியோடு வேனுக்கு ஓடினான் பார்த்தீபன்.

தண்டபாணி சட்டையை மாட்டிக்கொண்டே பெட்டியின் முகத்தைப் பார்த்தான். பட்டன் உள்ளே அமுங்கியே கிடந்தது. சுற்று இடுக்கு முழுக்கச் சந்தனம் இறங்கி, காய்ந்து, சிமெண்ட் பூசியதுபோல் அதைப் பிடித்துவைத்திருந்தது. பட்டனை விடாமல் அழுத்தினால் நான்கு நொடியில் பெட்டி தானே அணைந்துவிடும். இது அவனுக்குத் தெரியாததல்ல.

எல்லாம் உன்னாலதான் என்று கத்தியபோது அவனிடம் ஒரு ஆதாரமும் இல்லை. இப்போது ஆதாரம் கண்ணெதிரே இருந்தது.

"என்னதாங்க ஆச்சு அதுக்கு?" என்று கேட்டாள் ஸ்வர்ணா. அழுது சிவந்த கண்ணில் இப்போதுதான் கொஞ்சம் வெளிச்சம் வந்திருந்தது.

அவன் நகத்தால் சந்தனத்தைச் சுரண்டி வேட்டி முனையில் துடைப்பதுபோல் பேண்ட்டில் துடைத்துக்கொண்டான். "ஒரு வயர் லூஸா இருந்துச்சு."

"பூஜை போட்ட பெட்டி கைவிடாதுன்னு எனக்குத் தெரியும்." அடுப்படிக்கு ஓடிச் சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். "அந்த ஃப்ளாப்பியைக் குடுங்க. அதுக்கும் ஒரு பொட்டு வெச்சிடறேன்."

வாசலில் ஹாரன் அடித்தது. தண்டபாணி சட்டைப் பையிலிருந்த ஃப்ளாப்பியை இடது கையால் பொத்திக்கொண்டு, அவள் முன்னால் குனிந்து நெற்றியைக் காட்டினான்.

"இங்க வை," என்றான். "எவ்வளவு வேணும்னாலும் வை."