சிவப்பு அட்டை, பச்சை அட்டை

அறைக்குள் நுழையும்போதே செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மூன்றாம் வகுப்பு டீச்சருக்கு அப்போதே மனசு ஒப்பவில்லை. ஆசிரியர் தகுதித் தேர்வுக் கேள்விகள் வேலைக்கு உதவுமா என்று, வகுப்பெடுக்கிறவர்களே சொல்ல வேண்டுமாம். பச்சை அட்டையைத் தூக்கினால் வேண்டும், சிவப்பைத் தூக்கினால் வேண்டாம். எல்லாம் முன்பே முடிவாகியிருக்கும், ஒப்புக்குத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்தாள். பிஸ்கட் வேறு நல்ல பிஸ்கட்டாக இருந்தது.

அவளும் ஒன்றும் யோக்கியமில்லை. வீட்டில் யாராவது இந்தத் தேர்வை எழுதினால் உள்ளே விடமாட்டார்கள்; யாரும் எழுதவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தாள். கூடப்பிறந்த தங்கை அதே பள்ளியில் தற்காலிக டீச்சர், ஏற்கெனவே கோட்டைவிட்டவள். இந்தத் தடவையும் தவறினால் வேலை போச்சு.

முதல் கேள்வி, யாரோ ஒரு கல்வி மேதை எந்த வருஷம் எந்தக் கொள்கையைச் சொன்னார் என்பது. சிவப்பைத் தூக்கினாள். பக்கத்திலிருந்த விளையாட்டு வாத்தியாரும் தூக்கிக்கொண்டே சொன்னார்.

"அவர் எப்போ சொன்னா என்னங்க? இங்க கடைசி பெஞ்சுல ரெண்டு பேர் சட்டையப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறானுங்க."

ஏட்டுச் சுரைக்காய்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. தேர்வு அதிகாரி முகம் சுளிக்காமல் அந்தக் கேள்விகளைப் பேனாவால் அடித்துக்கொண்டே வந்தார். அந்தச் சுளிக்காத முகம்தான் அவளை உறுத்தியது. விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத ஆட்களை அவள் நம்புவதில்லை.

அப்புறம் ஒரு கணக்கு வந்தது. நாற்பத்திரண்டில் பதினேழு போனால் முப்பத்தைந்து என்கிறான் மாணவன். அவன் என்ன நினைத்து அப்படிப் போட்டான்?

போன வாரம் தங்கை இதே விடையை அடித்துவிட்டு, கவனமில்லை என்று ஒரு பையனைத் திரும்பத் திரும்ப எழுத வைத்தாள். அவனுக்கா கவனமில்லை? மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதை, ஏழிலிருந்து இரண்டை, ஒழுங்காகக் கழித்திருந்தான். நூறு தடவை போட்டாலும் அப்படியேதான் போடுவான்.

கை சிவப்பைத் தொட்டுவிட்டு, பச்சையை எடுத்தது.

அதிகாரி பேனாவை நிறுத்தினார். "இவ்வளவு நேரம் எல்லாம் வேண்டாம்னீங்க. இது மட்டும் ஏன் டீச்சர்?"

"இது தெரியாமத்தான் என் தங்கச்சி நல்ல பிள்ளைங்கள மக்குன்னு உட்கார வச்சிருக்கா."

சொன்ன பிறகுதான் உறைத்தது.

"தங்கச்சி இந்தப் பரீட்சை எழுதறாங்களா?"

"எழுதறா."

அவர் கோபப்படவில்லை. அட்டைகளை வாங்கிக்கொண்டு, அவள் சொன்ன எதுவும் இனிச் செல்லாது என்றார். அந்தப் பச்சையும்தானா என்று கேட்டாள். அதுவும்தான் என்றார்.

செல்போனை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். கதவைச் சாத்துவதற்குள், அந்த மேதையின் வருஷத்தைக் கேட்கும் கேள்வியை அதிகாரி மறுபடி முதலிலிருந்து வாசிப்பது கேட்டது. விளையாட்டு வாத்தியார் இந்த முறை வாயைத் திறக்கவில்லை.