ஏழு மணிக்கு வந்த கயிறு

எலியகுண்டா கையில் இசாலே இலையோடு வாசலில் வந்து நின்றபோது ஐகாயெலிக்குச் சிரிப்புதான் வந்தது.

"என்ன மச்சான், மாட்டைத் தொலைச்சவன் மாதிரி நிக்கிற?"

"உங்க அம்மா சாவுக்கு நான் வரலையே மாப்ள. மலையில மாட்டிக்கிட்டேன். மன்னிச்சிரு."

மலையடி ஊரான மாராங்குவில் ஒருவன் இந்த இலையை நீட்டி மன்னிப்புக் கேட்டால் மறுக்கிற பேச்சே இல்லை. கொலைப் பகைகூட இதில் தீர்ந்திருக்கிறது. வாங்கிய பிறகு அந்த விவகாரத்தை மறுபடி கிளறுகிறவனை ஊர் சேர்த்துக்கொள்ளாது. சாவுக்கு வராததற்கெல்லாம் இதைத் தூக்கிக்கொண்டு வருவானா ஒருவன்? ஆனாலும் பெண்டாட்டியின் அண்ணன், பதினாறு வருஷமாக ஒரே கயிற்றில் கூட ஏறுகிறவன். ஐகாயெலி இலையை வாங்கிக்கொண்டான். அவன் மனைவி மான்கா சுரைக்குடுவையில் வாழைப்பழக் கள் ஊற்றினாள். மூன்று பேரும் அதே குடுவையில் குடித்தார்கள்.

ஐகாயெலியின் கவலை வேறு. செவ்வாய்க்கிழமை மலை அலுவலகத்தில் விசாரணை. வழிகாட்டி வில்லை சட்டையில் தங்குமா, போகுமா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும்.

கிபோ சிகரத்தில் கால் உள்ள எவனும் ஏறலாம். தடியை ஊன்றி மூச்சு வாங்க நடந்தால் போதும். பக்கத்திலிருக்கும் மவென்சி அந்த ரகமில்லை. நெருப்பு அணைந்து எத்தனையோ யுகமான எரிமலை, இடிந்து சரிந்து பல்லும் முள்ளுமாக நிற்கிறது. ஓயாமல் நெருப்புக் கடன் கேட்டு வந்ததற்குக் கிபோ உலக்கையால் அடித்த அடி என்று ஊரில் சொல்வார்கள். பிடித்த கல் கையோடு வரும். ராத்திரிப் பனி உறைந்து கற்களைக் கட்டிவைக்கும், வெயில் பட்டால் கட்டு அவிழும். ஜெர்மானியர் இரண்டு பேர் முதன்முதலில் உச்சியைத் தொட்டு ஐம்பது வருஷத்துக்கு மேலாகிறது. அன்றிலிருந்து அங்கே ஒரே சட்டம்தான்: இருட்டோடு கிளம்பு, வெயில் பாறைப் பிளவுக்குள் இறங்குமுன் அதைத் தாண்டிவிடு.

போன மாதம் அந்தச் சட்டம் காற்றில் போனது. மூன்று மணிக்குக் கயிற்றோடு வரவேண்டிய எலியகுண்டா கீழ்க் குடிசையில் குடித்துவிட்டுப் படுத்து, ஏழு மணிக்கு வந்து சேர்ந்தான். "மேகம் மூடிக் கெடக்கு மாப்ள, வெயிலாவது மண்ணாவது" என்றான். மலையேற வந்திருந்த வெள்ளைக்காரனும் அவசரப்படுத்தினான். ஐகாயெலி தலையாட்டித் தொலைத்தான். பத்தரைக்கு மேகம் விலகியது. பிளவுக்குள் உருண்டு வந்த கல் வெள்ளைக்காரனின் வலது கையை நசுக்கிவிட்டது.

'கயிறு வரத் தாமதம்' என்று மட்டும்தான் ஐகாயெலி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தான். யார் கொண்டுவந்தது என்று எழுதவில்லை. மச்சானுக்கு நாலு பிள்ளைகள்.

செவ்வாய்க்கிழமை அதிகாரி எலியகுண்டாவின் வாக்குமூலத்தைப் படித்தார். "மூன்று மணிக்கே கயிற்றோடு போய்விட்டேன். ஐகாயெலிதான் எழுந்திருக்கவில்லை." வெள்ளிக்கிழமை போட்ட கையெழுத்து. இலை வந்தது சனிக்கிழமை.

"நாளைக்கு வந்து பதில் சொல்லு" என்றார் அதிகாரி.

அவன் நேராக மச்சானின் வாழைத் தோப்புக்குப் போனான். எலியகுண்டா மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தான்.

"சாவுக்குன்னு சொல்லித்தானேடா இலையைக் குடுத்த?"

"எதுக்குன்னு இலையில எழுதியா இருக்கு?" எலியகுண்டா நிமிரவே இல்லை. "வாங்கிட்ட. மன்னிச்சது மன்னிச்சதுதான். இனி நீ வாயத் தொறந்தா ஊரு உன்னத்தான் காறித் துப்பும்."

வீட்டில் மான்கா எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, "உங்க வாய அடைக்க வந்தவன் என் கையாலயே கள்ளு வாங்கிக் குடிச்சிட்டுப் போயிருக்கான். போய்ச் சொல்லுங்க" என்றாள்.

மறுநாள் ஐகாயெலி அலுவலகத்தில் எலியகுண்டாவை வைத்துக்கொண்டே சொன்னான். கயிறு வந்தது ஏழு மணிக்கு, கொண்டுவந்தது எலியகுண்டா. குடிசைக் காவல்காரனும் ஆமாம் என்றான்.

"சரி, ஏழு மணிக்கு மேல ஏறலாம்னு முடிவு எடுத்தது யாரு?" என்று அதிகாரி கேட்டார்.

அதையும் மச்சான் தலையில் கட்டியிருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்?

"நான்தான்யா."

இரண்டு பேரின் வில்லைகளும் மேசைமேல் கழன்று விழுந்தன. வெளியே நின்ற சுமைகூலிக்காரர்கள், இசாலே வாங்கிவிட்டுப் பேச்சு மாறியவனைப் பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எலியகுண்டா மட்டும் பின்னாலேயே வந்தான்.

"ரெண்டு பேரும் ஒழிஞ்சோம். இப்ப மனசு குளிர்ந்துச்சா?"

ஐகாயெலி நின்றான். "நெசத்தைச் சொல்லி இலையை நீட்டியிருந்தா, மொத்தப் பழியையும் நானே ஏத்துக்கிட்டிருப்பேன். அது உனக்குத் தெரியாதாடா?"

"தெரியும்" என்றான் எலியகுண்டா. "அதான் கேக்க வெக்கமா இருந்துச்சு."