ஓரத்து வரிசைகள்

“ஏனுங்ப்பா, ஓரத்துல நிக்கறதும் ராகிதானுங்ளே? அத ஏன் எடை போட மாட்டீங்கறீங்க?”

தமிழ்ப்ரியா ஏழு வயதில் கேட்டது. ஓரத்து வரிசைக்கு வெயிலும் காற்றும் கூடுதலாகக் கிடைக்கும், அதை நம்பினால் கணக்கு பொய்யாகிவிடும் என்றார் அப்பா மாரப்பன். ஆராய்ச்சி நிலையத்துக்காக அகளியில் முப்பது வருஷம் ராகி ரகங்களைப் பக்கம் பக்கமாக நட்டுப் பார்த்தவர்.

இப்போது அவருடைய தலைக்கு அவள் அரப்பு தேய்த்துக்கொண்டிருந்தாள். அம்மா போய்ப் பத்து வருஷம். கூடப் பிறந்தவர்களும் இல்லை. பக்கத்துக் காட்டுக் காளிச்சாமிதான் தண்ணீர் ஊற்றினார்.

“பாரு அம்மிணி, செத்தும் கயிறு புடிச்சாப்பல நேராப் படுத்திருக்கறாரு. என்ர காட்டுல வரிசை கோணுனா என்ன பேச்சுப் பேசுவாரு!” சிரித்தார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

முந்தாநாள் ஆஸ்பத்திரியில் அப்பா சொன்னதை அவளால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

“மூணு வருசம் முந்தி காளிச்சாமிக்கு நாங் குடுத்தது ஓரத்துக் கதிரும்மா. ரெண்டு ரகம் கலந்து கெடந்துது. பாதி முந்தி முத்திக் கொட்டிப்போச்சு, பாதி பச்சையா நின்னுது. நாம் பாத்துட்டு வாயத் தொறக்கல.”

அதற்கப்புறம் ஒரே நாளில் முற்றிய கதிர்களாகப் பொறுக்கி, இரண்டு கிலோ சுத்த விதை சேர்த்து வைத்திருந்தார். கொடுக்க முகமில்லை.

“மாமா, அந்த வருசம் அப்பா குடுத்த வெதை...”

“வெதை தங்கம் அம்மிணி! நாந்தான் வருசா வருசம் நாத்த முத்தவிட்டு நட்டுக் கெடுக்கறேன். அத ஒருநாள் சொல்லிக் காட்டியிருப்பாரா? மகராசன்.”

“நாத்து முத்துனதால இல்லீங் மாமா...”

சங்கு ஊதிவிட்டார்கள். அவர் பாடையைத் தூக்கக் குனிந்திருந்தார்.

பெண்கள் வீதி முனையோடு நின்றுவிட வேண்டும். பறைச்சத்தம் தேய்ந்து, வளைவில் ஆட்கள் மறையும்வரை அவள் நின்றாள். வீடு கழுவப் பெண்கள் திரும்பினார்கள். காளிச்சாமியின் மனைவியும் அவர்களோடு விளக்குமாறு எடுத்தாள். தமிழ்ப்ரியா அப்பா சேர்த்துவைத்த விதைப் பையோடு பின்வழியாகப் போனாள்.

காளிச்சாமி வீட்டுக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. அடுத்த மாத நாற்றுக்கான விதைக் குடுவை மூலையில் இருந்தது. மேலிருந்த வேப்பிலையை விலக்கிப் பார்த்தாள். மணிகள் ஒரே நிறத்தில் இல்லை; அதே கலப்பு விதை. அதைத்தான் அவர் வருஷா வருஷம் எடுத்து வைத்து விதைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அதைச் சாப்பாட்டு ராகி இருந்த தகர டின்னில் கொட்டினாள். ஒரு மணிகூடத் தங்காமல் முந்தானையால் குடுவையைத் துடைத்தாள். “மல்லீஸ்வரா” என்று சொல்லிப் பையைக் கவிழ்த்தாள். பழைய அளவுக்கே வந்தது. வேப்பிலையை இருந்தபடியே வைத்தாள்.

வெளியே வந்து பையை உதறினாள். தையலில் ஒட்டியிருந்த நாலைந்து மணிகள் வாசலில் விழுந்தன. எங்கிருந்தோ ஒரு கோழி ஓடிவந்தது.

அது கடைசி மணியைக் கொத்தும்வரை காத்திருந்துவிட்டு, கதவைச் சாத்தினாள்.