மூன்றில் இரண்டு டிஸ்க்

மரக்காணத்தில் அந்தத் தொண்டு நிறுவனத்தின் சர்வர் நின்றுபோனது 2005 அக்டோபரில், ஒரு புதன்கிழமை காலை. அதைப் பார்த்துக்கொண்டவள் ஆரோக்கியசெல்வி. சுனாமி அலை உப்பளங்களுக்குள் புகுந்து பாத்திகளை அழித்ததில் வேலை இழந்த நானூற்றுப் பன்னிரண்டு பேரின் வாக்குமூலம், குரலும் போட்டோவுமாக, அதில்தான் இருந்தது. நிவாரணம் கேட்டு அதை வெள்ளிக்கிழமை கலெக்டர் ஆபீசில் கொடுக்க வேண்டும். கையால் எழுதி வாங்கிய படிவங்களை, "எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சே" என்று இயக்குநர் சிவஞானம் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிட்டிருந்தார்.

சர்வரில் மூன்று டிஸ்க். மூன்றையும் லினக்ஸ் மென்பொருள் ஒன்றாகச் சேர்த்து நடத்தியது. ஒன்று பழுதானால் மற்ற இரண்டும் தாங்கும். இரண்டு போனால் எதுவும் மிஞ்சாது. ஆகஸ்டிலேயே ஒன்று கழன்றுவிட்டது. அதை மாற்றச் சொல்லி செல்வி மூன்று முறை எழுதிக் கொடுத்தாள். "ஓடுதில்ல? ஓடட்டும் விடும்மா" என்றார் சிவஞானம். இப்போது இரண்டாவதும் கழன்றிருந்தது.

சர்வர் விற்ற கடையின் ஆள் கௌதமன் மத்தியானம் பாண்டிச்சேரியிலிருந்து வந்தான்.

"உப்புக் காத்து சார், அரிச்சிடுச்சி. இந்தப் பொண்ணு ஏதாச்சும் நோண்டிச்சா?"

அவளிடம் கேட்கவில்லை, அவளைக் காட்டி சிவஞானத்திடம் கேட்டான். அவரும் "தெரியலயேப்பா" என்றார். மூன்று கடிதம் வாங்கிப் படித்த மனிதர்.

கௌதமன் மூன்று டிஸ்க்கையும் புதிதாகச் சேர்க்கும் கட்டளையை அடித்தான். ஆகஸ்டில் கழன்ற டிஸ்க்கும் அதில் சேர்ந்திருந்தது. என்டரைத் தட்டினால், இரண்டு மாதப் பழசான அந்த டிஸ்க்கும் ஒட்டிக்கொண்டு, நல்லதாக இருப்பதன் மேலேயே எழுத ஆரம்பித்துவிடும்.

"கைய எடுங்க."

"எனக்கே சொல்லித் தர்றியா?"

"கைய எடுங்கன்னு சொன்னேன்."

சொல்லிக்கொண்டே அவள் பவர் சுவிட்சை அணைத்தாள். கௌதமன் பையைத் தூக்கிக்கொண்டு, இனி தன் பொறுப்பில்லை என்று கிளம்பிவிட்டான்.

சாயங்காலம் பிரிண்டரில் கலெக்டருக்கு ஒரு கடிதம் கிடந்தது. இயற்கைச் சீற்றத்தால் கணினி பழுதாகி உப்பளத் தொழிலாளர் விவரங்கள் அழிந்துவிட்டன, வருந்துகிறோம். கீழே சிவஞானத்தின் பெயர்.

"எந்தச் சீற்றம் சார்? நீங்க டிஸ்க் மாத்தாம விட்டதா?"

"வேற என்னான்னு எழுதச் சொல்ற?"

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் எதுவும் எழுதாதீங்க. அனுப்பினீங்கன்னா, என்னோட மூணு கடிதத்தையும் நானே அங்க கொண்டுபோய்க் கொடுப்பேன்."

அவர் கடிதத்தை மடித்து மேசைக்குள் வைத்தார்.

வியாழன் காலை முதல் பஸ்ஸில் பாண்டிச்சேரி போய் இரண்டு புது டிஸ்க் வாங்கி வந்தாள். பழையவற்றில் எதையும் எழுதக் கூடாது. ஒவ்வொரு டிஸ்க்கும் கடைசியாக எத்தனையாவது முறை எழுதியது என்ற எண்ணைத் தன்னிடமே குறித்து வைத்திருக்கும். மூன்றையும் படித்துப் பார்த்தாள். இரண்டின் எண்களுக்கு நடுவே ஆறுதான் வித்தியாசம்; புதன்கிழமை கழன்ற டிஸ்க் அநேகமாக முழுசாகவே இருந்தது. ஆகஸ்டில் கழன்றது ஆயிரக்கணக்கில் பின்தங்கியிருந்தது. அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மற்ற இரண்டையும் புது டிஸ்க்குகளில் அப்படியே பிரதி எடுத்தாள். படிக்க முடியாத இடங்களில் பிரதி திக்கித் திக்கித் தாண்டிப் போனது. முடியும்போது பிற்பகல் மணி மூன்று. பிரதிகள் இரண்டையும் வலுக்கட்டாயமாகச் சேர்க்கச் சொல்லி, படிக்க மட்டும் திறந்தாள்.

போல்டர்கள் வரிசையாக வந்து நின்றன. முதல் பதிவைப் போட்டதும் ஒரு பெண்ணின் இருமல் கேட்டது, பிறகு பெயர். சந்தோஷத்தைவிட, இவ்வளவையும் தூக்கி எறிய இருந்தார்களே என்ற ஆத்திரம்தான் செல்விக்கு வந்தது.

பதினோரு பதிவுகள் மட்டும் சிதைந்திருந்தன. வெள்ளிக்கிழமை விடிந்ததும் ரெக்கார்டரோடு அந்தப் பதினோரு வீடுகளுக்கும் சைக்கிளில் கிளம்பினாள். மழைக்காலம், வெளியே கூலி வேலையும் இல்லை; எல்லோரும் வீட்டில்தான் இருந்தார்கள்.

"ஒரு வாட்டி சொன்னேனேம்மா," என்றாள் முதல் வீட்டில் வேலம்மாள். "அலையில போனத எத்தினி வாட்டி சொல்றது? அழுதுகிட்டே சொன்னனே, அது எங்க?"

காற்றையும் கடலையும் காரணம் சொல்லிச் செல்வி தப்பித்திருக்கலாம்.

"எங்க ஆபீஸ்ல அத பத்திரமா வெக்கலக்கா. சொல்லியும் கேக்கல. எங்க தப்புதான்."

"உங்க பெரியவர வந்து அத என் மூஞ்சப் பாத்து சொல்லச் சொல்லு," என்றாள் வேலம்மாள். பிறகு, கோபம் தணியாமலேயே, ரெக்கார்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.